வயதா, நோயா? 48 வயதில் மூன்று சில்லறைத் தொல்லைகள்

மாடிப்படி | திங்கள், காலை 6:12

எல்லோருக்கும் வணக்கம். எனக்கு 48 வயது. நாளெல்லாம் நாற்காலி வேலை. பெரிய நோய் எதுவும் இதுவரை வந்ததில்லை. அதனால்தானோ என்னவோ, சின்னதாக ஏதாவது வந்தால் அதை யாரிடம் எப்படிச் சொல்வது என்றே தெரியவில்லை.

முதலாவது, இடது தோள்பட்டை. நான்கு மாதமாகிறது. விழவில்லை, சுளுக்கவில்லை, பாரம் எதுவும் தூக்கவில்லை. குளிக்கும்போது இடது கை முதுகுப் பக்கம் போக மறுக்கிறது. காற்சட்டையின் இடது பின்பையில் இருக்கும் பணப்பையை வலது கையைச் சுற்றிக் கொண்டுபோய் எடுக்கிறேன். பக்கத்தில் நிற்பவர்கள் ஒரு மாதிரி பார்க்கிறார்கள். இரவில் அந்தப் பக்கம் புரண்டால் வலி எழுப்பிவிடுகிறது.

இரண்டாவது, இரத்த அழுத்தம். வீட்டுக்கு ஒரு கருவி வாங்கினேன். நேற்று அடுத்தடுத்து மூன்று முறை பார்த்ததில் 158/96, 149/92, 144/90. ஐந்து நிமிடத்துக்குள் மூன்று எண்கள். இதில் என்னுடைய எண் எது?

மூன்றாவது, இரவில் இரண்டு முறை சிறுநீர் கழிக்க எழுகிறேன். ஒரு வருடமாக இப்படித்தான்.

யாரிடம் சொன்னாலும் "வயதாகிறது அல்லவா" என்று ஒரே பதில். ஐம்பதைத் தொடாதவனுக்கு இந்தப் பதில் போதவில்லை. இவற்றில் எது வயது, எது நோய்? எதை மருத்துவரிடம் கொண்டுபோவது, எதைப் பேசாமல் சுமப்பது?

விடியல்நடை | திங்கள், காலை 6:31

தம்பி, எனக்கு 57. தினமும் ஆறு கிலோமீட்டர் நடக்கிறேன், மழையென்றாலும் விடுவதில்லை. உங்கள் மூன்று தொல்லைக்கும் மருந்து ஒன்றுதான்: நடை. நாளைக் காலையே தொடங்குங்கள். ஒரு மாதம் கழித்து எனக்கு நன்றி சொல்வீர்கள்.

கும்பகர்ணன் | திங்கள், காலை 7:05

ஒரு கேள்வி மட்டும். குறட்டை விடுவீர்களா? உங்களைக் கேட்டால் இல்லை என்பீர்கள். பக்கத்தில் படுப்பவரைக் கேட்டுச் சொல்லுங்கள்.

ஐயப்பாடு | திங்கள், காலை 8:20

வீட்டில் பி.பி. கருவி வாங்கியதுதான் முதல் நோய். இனி காலையில் ஒன்று, மாலையில் ஒன்று, சந்தேகத்துக்கு இன்னொன்று என்று பார்த்துப் பார்த்தே ஏற்றிக்கொள்வீர்கள். அடுத்து "முழு உடல் பரிசோதனை" என்று எண்பது எண்கள் அச்சிட்ட தாள் வரும். அதில் நான்கு தடித்த எழுத்தில் இருக்கும். அந்த நான்கையும் துரத்திக்கொண்டு ஓடுவதிலேயே ஒரு வருடம் போகும். எனக்குப் போனது. கடைசியில் ஒன்றுமில்லை என்றார்கள்.

இரவுப்பணி | திங்கள், காலை 10:48

26 ஆண்டு செவிலியராக இருந்து ஓய்வுபெற்றவள் நான். மருத்துவர் அல்ல, அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

தம்பி, அந்த மூன்று எண்களை எடுக்கும்போது எப்படி உட்கார்ந்திருந்தீர்கள்? அதைச் சொல்லாமல் எண்ணை மட்டும் சொல்வது, எடைபோடும்போது கையில் என்ன இருந்தது என்று சொல்லாமல் எடையை மட்டும் சொல்வதுபோல. உங்கள் மூன்று எண்களும் ஒன்றுக்கொன்று குறைந்துகொண்டே வந்திருக்கின்றன. உடம்பு அப்போதுதான் அமரத் தொடங்கியிருக்கிறது என்று அதற்கு அர்த்தம்.

முறை இதுதான். அரை மணி நேரத்துக்கு முன்பிருந்தே காபி, புகை கூடாது. சிறுநீரை அடக்கிக்கொண்டு பார்க்கக் கூடாது. முதுகு சாய்ந்து, இரண்டு பாதமும் தரையில் படிய, கால்மேல் கால் போடாமல் ஐந்து நிமிடம் சும்மா உட்கார வேண்டும். கை மேசைமேல், பட்டை இதயத்தின் மட்டத்தில். கை தொங்கினால் எண் ஏறும். பேசினால் ஏறும். கைக்குச் சிறிய பட்டையைக் கட்டினாலும் ஏறும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை எடுங்கள். இப்படிக் காலையும் மாலையும் ஏழு நாள். முதல் நாள் எண்களைத் தள்ளிவிட்டு மற்றதற்குச் சராசரி போடுங்கள். வீட்டில் எடுத்த சராசரி 135/85 அல்லது அதற்கு மேல் என்றால் அது மருத்துவர் பார்க்க வேண்டிய எண். மருத்துவமனையில் 140/90 என்பார்கள். வீட்டுக்கு ஒரு படி குறைவு, ஏனென்றால் வெள்ளை அங்கியைக் கண்டாலே ஏறுகிற அழுத்தம் வீட்டில் இருக்காது. அமெரிக்க மருத்துவர்கள் 2017 முதல் 130/80 என்பதையே எல்லையாக வைத்திருக்கிறார்கள்.

ஐயப்பாடு, கருவி குற்றவாளி அல்ல. கருவியை வேளாவேளைக்குப் பார்ப்பவரும் கருவியே வேண்டாம் என்பவரும் ஒரே தவறைத்தான் செய்கிறார்கள்: இருவருக்கும் சராசரி தெரியாது.

தோளுக்கு இன்று மாலை எழுதுகிறேன். அதற்குள் ஒன்று சொல்லுங்கள்: வலிக்கு ஏதாவது மாத்திரை எடுக்கிறீர்களா?

மாடிப்படி | திங்கள், பகல் 1:15

அக்கா, அடுக்களை மேடைமேல் கருவியை வைத்து, நின்றுகொண்டு, கையைத் தொங்கவிட்டு, மகளுடைய கணக்குக்கு விடை சொல்லிக்கொண்டே எடுத்தேன். போதுமா?

மாத்திரை: ஐபுபுரூஃபன். தினமும் இரண்டு மாத்திரை, மூன்று வாரமாக. எழுதிக்கொடுத்து வாங்கியதல்ல.

கும்பகர்ணன் கேட்டதை மனைவியிடம் கேட்டேன். சிரித்தாள். அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள்.

மூக்குக்கண்ணாடி | திங்கள், பகல் 2:02

பொருளுக்குச் சற்று விலகி ஒன்று. எனக்கு 46. மாத்திரை அட்டையில் உள்ள காலாவதித் தேதியைப் படிக்கக் கையை நீட்டினேன், நீட்டினேன், கை போதவில்லை. வெள்ளெழுத்து. இது மட்டும் சுத்தமாக வயதுதான், நோயே அல்ல: கண்ணுக்குள் இருக்கும் வில்லை இறுகிப்போய், கிட்டத்தில் பார்க்க வளைந்துகொடுக்க மறுக்கிறது. நாற்பதைத் தாண்டினால் யாரையும் விடாது. ஆனால் கண்ணாடி வாங்கப் போன இடத்தில் கண்ணழுத்தமும் பார்த்தார்கள், அது கூடுதலாக இருந்தது. கண்ணழுத்த நோய் பெரும்பாலும் வலிக்காது, ஓரப் பார்வையைச் சத்தமில்லாமல் தின்னும். கண்ணாடியை மட்டும் வாங்கிக்கொண்டு வந்திருந்தால் எனக்குத் தெரிந்தே இருக்காது.

ஆகவே மாடிப்படி, "வயதா, நோயா" என்பதற்கு என் பதில்: சில சமயம் வயதைப் பார்க்கப் போன இடத்தில் நோய் உட்கார்ந்திருக்கும்.

இரவுப்பணி | திங்கள், மாலை 5:40

ஐபுபுரூஃபன் வகை வலி மாத்திரைகள் உடம்பில் உப்பையும் நீரையும் தேக்கும். இரத்த அழுத்தத்தை ஏற்றும். நெடுநாள் எடுத்தால் சிறுநீரகத்தையும் வயிற்றையும் பதம் பார்க்கும். உங்கள் எண்களில் அந்த மாத்திரைக்கும் ஒரு பங்கு இருக்கலாம். ஏழு நாள் கணக்கை மாத்திரையை நிறுத்திவிட்டுத் தொடங்குங்கள். வலி தாங்காவிட்டால் மருத்துவரிடம் கேட்டு வேறு வாங்குங்கள்.

இப்போது தோள். ஒரு சோதனை செய்யுங்கள். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்து, மடக்கி, முன்கையை முன்னால் நீட்டுங்கள். இனி முழங்கை விலகாமல் முன்கையை மட்டும் வெளிப்பக்கம் கதவு திறப்பதுபோல் திருப்புங்கள். வலது கை எவ்வளவு போகிறது, இடது எங்கே நிற்கிறது? பிறகு மனைவியை மெதுவாகத் திருப்பச் சொல்லுங்கள். அவர் திருப்பினாலும் அதே இடத்தில் சுவர்போல் நிற்கிறதா?

தசைநார் கிழிந்திருந்தால் நீங்களாகத் தூக்க முடியாது, ஆனால் பிறர் தூக்கினால் பெரும்பாலும் போகும். யார் தூக்கினாலும் போகாவிட்டால் மூட்டைச் சுற்றியுள்ள உறையே தடித்துச் சுருங்கியிருக்கிறது. உறைந்த தோள் என்பார்கள். நாற்பதிலிருந்து அறுபதுக்குள் வருவது, பெண்களுக்குக் கூடுதல். முதலில் வலி மாதங்கள், பிறகு இறுக்க மாதங்கள், பிறகு தளரும் மாதங்கள். ஒன்றிலிருந்து மூன்று ஆண்டுவரை இழுக்கும். பொறுமையைச் சோதிக்கும்.

இதை ஏன் இவ்வளவு நீட்டுகிறேன் என்றால், உறைந்த தோள் சர்க்கரை உள்ளவர்களுக்குப் பல மடங்கு அதிகம் வரும். சில பேருக்குச் சர்க்கரை இருப்பதே தோளைக் காட்டப் போன இடத்தில்தான் தெரியும். இரவில் எழுகிறீர்கள் என்றும் சொல்கிறீர்கள். சர்க்கரை பார்த்து எவ்வளவு காலமாகிறது?

மாடிப்படி | திங்கள், இரவு 9:30

கதவு பாதிகூடத் திறக்கவில்லை. மனைவி திருப்பியும் அதே இடம். சர்க்கரை பார்த்து ஆறு வருடம் இருக்கும்.

கொடிமல்லி | செவ்வாய், காலை 5:50

இரவெல்லாம் விழித்திருந்து இந்த இழையை முழுதும் படித்தேன். எனக்கு 49. விழித்திருந்ததற்கும் காரணம் உண்டு.

எட்டு மாதமாக இரவில் திடீரென்று நெஞ்சிலிருந்து முகம்வரை சூடு ஏறும். போர்வையை உதைத்துத் தள்ளுவேன். வியர்த்து அடங்கியதும் குளிரும், மறுபடி இழுத்துக்கொள்வேன். கூடவே படபடப்பு. முதல் தடவை வந்தபோது இதயம் என்றே நினைத்துப் பயந்துபோனேன். இ.சி.ஜி. சரியாக இருந்தது. "இந்த வயதில் இதெல்லாம் வரும்" என்று அனுப்பிவிட்டார்கள். வரும் என்பது எனக்கும் தெரியும். ஏன் வருகிறது, என்ன செய்யலாம் என்று யாராவது சொல்லியிருந்தால் ஆறு மாதம் தூக்கம் மிஞ்சியிருக்கும். வேறொரு மருத்துவர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து விளக்கினார்: மாதவிடாய் நிற்கப் போகும் ஆண்டுகளில் ஈஸ்ட்ரோஜன் என்ற ஹார்மோன் ஏறி இறங்கும்போது, மூளையில் உடல் வெப்பத்தைக் காக்கிற பகுதி அரை டிகிரி ஏற்றத்தையே பெரும் காய்ச்சலாக எடுத்துக்கொண்டு வெப்பத்தை வெளியே தள்ளுமாம். இதற்கு ஹார்மோனிலும் மருந்து உண்டு, ஹார்மோன் இல்லாமலும் உண்டு. யாருக்கு எது என்பதை அவர் முடிவு செய்வார்.

இதில் ஒரு கிளைக்கதை. தைராய்டு பரிசோதனையில் எனக்குச் சுரப்பு அதிகம் என்று வந்தது. படபடப்புக்குக் காரணம் கிடைத்துவிட்டது என்று எல்லோருக்கும் திருப்தி. அந்த மருத்துவர் மட்டும், "வேறு ஏதாவது மாத்திரை எடுக்கிறீர்களா?" என்று இரண்டாம் முறையும் கேட்டார். மாத்திரை இல்லை, முடி கொட்டாமலிருக்க ஒரு சத்து மட்டும் என்றேன். அட்டையைக் கொண்டுவரச் சொன்னார். பயோட்டின். சில ஆய்வகக் கருவிகளின் வேதிமுறையையே அது குழப்பி, இல்லாத தைராய்டு நோயைக் காட்டுமாம். ஒரு வாரம் அந்தச் சத்தை நிறுத்திவிட்டுப் பரிசோதனையை மறுபடி எடுத்தால் எல்லாம் சரி. இல்லாத நோய்க்கு மருந்து தின்னாமல் தப்பினேன்.

ஆகவே யார் கேட்டாலும் சத்து மாத்திரையையும் சேர்த்துச் சொல்லுங்கள். நம் மனதில் அது மருந்துக் கணக்கில் வருவதே இல்லை.

ஐயப்பாடு | செவ்வாய், காலை 8:11

கொடிமல்லி சொன்னதுதான் என் வாதமும். பரிசோதனை பொய் சொல்லும்.

இரவுப்பணி | செவ்வாய், காலை 9:25

பொய் சொல்வதில்லை, ஐயா. கேட்ட கேள்விக்குத்தான் பதில் சொல்லும். கேள்வியே இல்லாமல் எண்பது பதில் வாங்கினால் குழப்பம்தான் மிஞ்சும். தாளில் "இயல்பு" என்று போட்டிருக்கும் எல்லை, ஆரோக்கியமானவர்களில் நூற்றுக்கு 95 பேர் அடங்கும் எல்லை. அதாவது நலமாக இருக்கும் ஐந்து பேர் ஒவ்வொன்றிலும் வெளியே நிற்பார்கள். ஒன்றோடொன்று தொடர்பில்லாத இருபது பரிசோதனை எடுத்தால், நோயே இல்லாத ஒருவருக்கு ஏதாவது ஒன்று தடித்த எழுத்தில் வர நூற்றுக்கு 64 வாய்ப்பு. உங்கள் நான்கு தடித்த எழுத்துக்கும் கதை அதுவாகவே இருந்திருக்கலாம்.

ஆனால் மாடிப்படி சர்க்கரை பார்ப்பது அந்தக் கணக்கில் வராது. அவருக்குத் தோளில் ஒரு கேள்வி இருக்கிறது.

விடியல்நடை | செவ்வாய், காலை 9:50

எல்லோரும் நடையை மறந்துவிட்டீர்கள். எனக்கும் முட்டி வலிக்கத்தான் செய்கிறது. கிளம்பும்முன் ஒரு டைக்ளோஃபெனாக் போட்டுக்கொண்டு நடந்துவிடுவேன். ஒரு நாள்கூட நின்றதில்லை.

இரவுப்பணி | செவ்வாய், காலை 10:02

அண்ணா, தினமுமா?

விடியல்நடை | செவ்வாய், காலை 10:04

தினமும்தான். மூன்று வருடமாக.

இரவுப்பணி | செவ்வாய், காலை 10:30

நடையை நிறுத்தச் சொல்ல மாட்டேன். மாத்திரையைப் பற்றி இந்த வாரமே மருத்துவரிடம் பேசுங்கள், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினினும் பி.பி.யும் பார்க்கச் சொல்லுங்கள். ஐபுபுரூஃபனுக்கு நான் மேலே எழுதியது முழுக்க இதற்கும் பொருந்தும், இதயத்துக்குள்ள ஆபத்தும் சேர்த்து. வலியை மூடிவிட்டு நடந்தால் முட்டிக்கு உங்களிடம் பேச வழியே இல்லாமல் போய்விடுகிறது. முட்டியைத் தாங்குவது தொடைத் தசை. அதற்கு வேலை கொடுங்கள். நாற்காலியிலிருந்து கையூன்றாமல் பத்து முறை எழுந்து உட்கார முடிகிறதா பாருங்கள். வாரத்துக்கு 150 நிமிட நடையோடு இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும் வேண்டும் என்றுதான் உலக சுகாதார நிறுவனமும் சொல்கிறது. முதல் பாதியை எல்லோரும் படிக்கிறோம், இரண்டாம் பாதி யார் கண்ணிலும் படுவதில்லை.

விடியல்நடை | செவ்வாய், காலை 11:15

ஆறு முறை. ஏழாவதற்குக் கை தானாக ஊன்றிவிட்டது. யாரிடமும் சொல்லிவிடாதீர்கள்.

கும்பகர்ணன் | செவ்வாய், இரவு 10:20

மாடிப்படி, மனைவி சிரித்தது எனக்குப் போதவில்லை. இன்றிரவு அவரை ஒரு காரியம் செய்யச் சொல்லுங்கள். குறட்டை நடுவில் நிற்கும். நின்றதும் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்லுங்கள். மறுபடி ஒரு பெருமூச்சோ, தொண்டை அடைத்த சத்தமோ வரும்வரை. பத்து விநாடிக்கு மேல் மூச்சு நின்றால் மருத்துவர்கள் அதை ஒரு நிகழ்வாகக் கணக்கிடுவார்கள்.

என் கதை: நானும் இரவில் மூன்று முறை எழுந்தேன். புராஸ்டேட் சுரப்பி வீக்கம் என்று நானே முடிவு செய்து, மாலைக்குமேல் தண்ணீரை நிறுத்தி, நாக்கு வறண்டு கிடந்தேன். குறையவில்லை. கடைசியில் தெரிந்த காரணம், தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவது. மூச்சுக்குழல் அடைபட்ட நிலையில் நெஞ்சு காற்றை இழுக்கப் போராடும்போது, இதயத்துக்குள் இரத்தம் அதிகம் இழுபடுகிறது. உடம்பில் நீர் கூடிவிட்டது என்று இதயம் தவறாக எண்ணி, நீரை வெளியேற்றும் ஹார்மோனைச் சுரக்கிறது. சிறுநீர்ப்பை எழுப்பியது என்று நான் நினைத்தேன், எழுப்பியது தொண்டை. பி.பி. ஏறியதற்கும் அதுவே ஒரு காரணம் என்றார்கள். பகலில் ஸ்டீயரிங்கைப் பிடித்தபடியே கண் சொக்கியபிறகுதான் நான் போய்ப் பார்த்தேன். மூச்சுக்குழல் மூடாமல் காற்றைத் தள்ளும் முகமூடி ஒன்றைக் கொடுத்தார்கள், தூங்கும்போது போட்டுக்கொள்ள. நீங்கள் அவ்வளவு காலம் எடுத்துக்கொள்ளாதீர்கள்.

மாடிப்படி | புதன், காலை 6:40

மனைவி எண்ணினாள். 22. அடுத்தது 17. அதற்குமேல் எண்ணாமல் என்னை உலுக்கி எழுப்பிவிட்டாள். காலையிலிருந்து என்னிடம் சரியாகப் பேசவில்லை, பயந்துவிட்டாள். எனக்கு எதுவுமே தெரியாது, நன்றாகத் தூங்கியதாகவே நினைவு.

இரவுப்பணி | புதன், காலை 7:30

மருத்துவரிடம் இந்த 22 என்ற எண்ணைச் சொல்லுங்கள். "குறட்டை உண்டு" என்பதைவிட அதற்குக் கனம் அதிகம். தோள், பி.பி., இரவு எழுவது மூன்றையும் ஒரே தாளில் எழுதிக்கொண்டு போங்கள். எப்போது தொடங்கியது, என்ன மாத்திரை என்பதோடு. அறைக்குள் போனதும் பாதி மறந்துவிடும், 26 ஆண்டு பார்த்திருக்கிறேன். கதவுப்பிடியில் கைவைத்த பிறகுதான் பலரும் முக்கியமானதைச் சொல்வார்கள்.

படிக்கிற மற்றவர்களுக்கும் ஒன்று. நெஞ்சை அழுத்திக்கொண்டு வலி வந்து வியர்த்தால், வாய் ஒரு பக்கம் கோணினால், ஒரு கை சட்டென்று விழுந்தால், பேச்சு குழறினால், இங்கே எழுதிக்கொண்டிருக்காதீர்கள். உடனே மருத்துவமனை. மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் ஒரு துளி இரத்தம் பட்டாலும், மலத்தில் இரத்தம் கண்டாலும், காரணமில்லாமல் எடை இறங்கினாலும் நாள் கடத்தாமல் காட்டுங்கள். மூலம்தான் என்று நாமே முடிவு செய்துகொண்டு இருந்துவிடுகிறோம். பெருங்குடல் புற்றுநோய்க்கான பரிசோதனையைத் தொல்லையே இல்லாதவர்களுக்கும் சில நாடுகளில் 45 வயதிலேயே தொடங்குகிறார்கள், சில நாடுகளில் 50. ஐயப்பாடு, இது கேள்வியோடு செய்யும் பரிசோதனை. இதற்கு முகம் சுளிக்காதீர்கள்.

ஐயப்பாடு | புதன், காலை 8:45

எனக்கு 53. இதுவரை எடுத்ததில்லை. யோசிக்கிறேன்.

மாடிப்படி | ஐந்து வாரம் கழித்து, ஞாயிறு, காலை 7:20

இழையைக் கீழே போட்டுவிட்டுப் போய்விட்டேன் என்று நினைக்க வேண்டாம். ஒவ்வொன்றுக்கும் நாள் பிடித்தது.

வெறும் வயிற்றுச் சர்க்கரை 118. மூன்று மாதச் சராசரியைக் காட்டும் HbA1c 6.2 சதவீதம். இரண்டும் நடுவில் நிற்கும் எண்கள்: வெறும் வயிற்றில் 126, சராசரியில் 6.5 வந்திருந்தால் சர்க்கரை நோய் என்றிருப்பார்கள். இப்போதைக்கு வாசலில் நிற்கிறேன். எடை குறைக்க வேண்டும், மூன்று மாதத்தில் மறுபடி பார்க்க வேண்டும்.

பி.பி.: மாத்திரையை நிறுத்தி, நாற்காலியில் ஒழுங்காகச் சாய்ந்து, வாயை மூடிக்கொண்டு எடுத்த ஏழு நாள் சராசரி 137/86. அந்த 158 எங்கே போனது என்று தெரியவில்லை. ஆனாலும் கோட்டுக்கு மேலேதான் இருக்கிறது. மருத்துவர் உப்பைக் குறைக்கச் சொல்லியிருக்கிறார். மருந்து இன்னும் தொடங்கவில்லை.

தூக்கப் பரிசோதனையை வீட்டிலேயே செய்தார்கள், விரலிலும் மூக்கிலும் கம்பி மாட்டிக்கொண்டு. மணிக்கு 27 முறை மூச்சுத் தடைபடுகிறதாம். 15 முதல் 30 வரை நடுத்தரம், அதற்குமேல் கடுமை. கும்பகர்ணன், அந்தக் காற்று முகமூடி எனக்கும் வந்துவிட்டது. முதல் மூன்று இரவு கழற்றி எறிந்தேன். நான்காம் இரவு காலை ஐந்து மணிக்குத்தான் கண் விழித்தேன். இப்போது பெரும்பாலும் ஒரு முறைதான் எழுகிறேன், இரண்டு அல்ல. அந்த ஒன்று எதனால் என்பதை அடுத்த தடவை கேட்க வேண்டும். கேள்வியைத் தாளில் எழுதிவிட்டேன்.

தோள் மட்டும் அப்படியே இருக்கிறது. மூட்டுக்குள் ஓர் ஊசி போட்டார்கள், இரவு வலி பாதியாகிவிட்டது. இறுக்கம் இறங்கவில்லை. பிசியோதெரபியில் தினமும் சுவரில் விரலால் ஏறச் சொல்கிறார்கள். எட்டுகிற இடத்தில் பென்சிலால் ஒரு கோடு போட்டு வைக்கிறேன். ஐந்து வாரத்தில் நான்கு விரற்கடை ஏறியிருக்கிறது. மகள் பக்கத்தில் அவளுடைய உயரத்துக்கும் ஒரு கோடு போட்டிருக்கிறாள். அவள்தான் வேகமாக ஏறுகிறாள்.

கும்பகர்ணன் | ஞாயிறு, காலை 7:41

முகமூடியின் பட்டையை இறுக்கிக் கட்டாதீர்கள், கன்னத்தில் வரி விழும். காற்று கசியாத அளவுக்கு மட்டும் போதும். படுத்த பிறகு சரிசெய்யுங்கள். உட்கார்ந்து கட்டினால் படுத்ததும் நழுவும்.

விடியல்நடை | ஞாயிறு, காலை 8:30

கிரியாட்டினின் கொஞ்சம் ஏறியிருந்தது. மாத்திரையை நிறுத்தியாயிற்று. இரண்டு கிலோமீட்டர்தான் நடக்கிறேன். நாற்காலிக் கணக்கு ஒன்பது.

இரவுப்பணி | ஞாயிறு, காலை 8:52

அண்ணா, கை ஊன்றாமலா?

விடியல்நடை | ஞாயிறு, காலை 8:55

எட்டு.